கீரையைக் கழுவினால் ஈயம் போகுமா, கேட்மியம் போகுமா?

சந்தைக் காய்கறிகளில் ஈயமும் கேட்மியமும் அளவுக்கு மேல் இருப்பதாகச் செய்தி படித்ததிலிருந்து கீரை வாங்குவதையே நிறுத்திவிட்டோம், ஆறு வயதில் பிள்ளை இருக்கிறான், உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தால் போய்விடுமா, இல்லை ஆர்கானிக் கடைக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரியமாகக் கீரையைத் திரும்ப வாங்க ஆரம்பியுங்கள். பிள்ளைக்குக் கீரையை நிறுத்துவது இந்த விஷயத்தில் எதிர்விளைவைத்தான் தரும். ஏன் என்று கீழே சொல்கிறேன். கழுவுவதைப் பற்றிக் கேட்டால், ஈயத்தில் பெரும்பங்கு போகும். கேட்மியம் கிட்டத்தட்டப் போகவே போகாது. உப்புக்கும் மஞ்சளுக்கும் இதில் வேலை எதுவும் இல்லை. இந்த இரண்டு உலோகமும் கீரைக்குள் வந்து சேரும் வழியே வேறு வேறு. அது புரிந்துவிட்டால் சமையலறையில் எதைச் செய்யலாம், எது வீண் வேலை என்பது தானாகவே விளங்கிவிடும்.

ஈயம் மண்ணில் விழுந்தால் களிமண்ணையும் மக்கிய பொருளையும் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். வேர் கொஞ்சம் உறிஞ்சினாலும் வேரிலேயே தங்கிவிடும். தண்டைத் தாண்டி இலைக்கு ஏறுவது குறைவு. அப்படியானால் கீரையில் அளக்கிற ஈயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மேலிருந்து. சாலைத் தூசி, பட்டறைப் புகை, மழையில் தெறித்து இலையில் ஒட்டிய மண். கேட்மியத்தின் கதை நேர்மாறானது. துத்தநாகத்துக்கு அண்ணன் தம்பி மாதிரியான உலோகம் அது. துத்தநாகம் பயிருக்குத் தேவையான சத்து என்பதால் அதை உள்ளே விடுவதற்கு வேரில் வாசல் இருக்கிறது. கேட்மியமும் அதே வாசல் வழியாக நுழைந்து, சாற்றோடு ஏறி, இலையின் சதைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அங்கே இருப்பதை எந்தத் தண்ணீர் எடுக்கும்?

இதை வாரணாசியில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஊரின் சாக்கடை நீர் தீனாப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. 1986ல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்தில் வந்த நிலையம் அது. சுத்திகரித்த நீரைச் சுற்றுவட்டார விவசாயிகள் காய்கறிக்குப் பாய்ச்சினார்கள். ஆண்டு முழுக்கத் தண்ணீர், அதிலேயே தழைச்சத்தும் மணிச்சத்தும். எந்த விவசாயி வேண்டாம் என்பார்? ஆனால் சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறை, உலோக வேலை செய்யும் சின்னச் சின்னக் கூடங்கள் எல்லாவற்றின் கழிவும் வீட்டுச் சாக்கடையோடு அதே குழாயில்தான் கலந்து வருகிறது. இப்படிப்பட்ட நிலையங்கள் அழுக்கையும் கிருமியையும் குறைக்கக் கட்டப்பட்டவை. உலோகத்தை எடுப்பது அவற்றின் வேலையாக வைக்கப்படவில்லை. உலோகத்தில் ஒரு பங்கு வெளியேறும் நீரோடு போகும், மற்றது அடியில் படியும் சேற்றில் சேரும். அந்தச் சேறும் எருவாக வயலுக்கே வந்தால் மண்ணில் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பாலக், வெண்டை, காலிஃபிளவர் மூன்றையும் விளையும் வயலிலும் விற்கும் சந்தையிலும் எடுத்து ஒப்பிட்டார்கள். வயலில் இருந்ததைவிடச் சந்தையில் உலோகம் அதிகம் இருந்தது. வயலை விட்டுக் கிளம்பிய பிறகு ஏற்றி வந்த வண்டியிலும், சாலையோரத்தில் விரித்துவைத்த சாக்கிலும் காய்கறி மேலும் அசுத்தமாகியிருக்கிறது. நம் ஊர்ச் சந்தையை நினைத்துப் பாருங்கள். காலையில் இறக்கிய கீரைக் கட்டு வாடாமல் இருக்கக் கடைக்காரர் அடிக்கொருதரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். ஈர இலை, பக்கத்தில் பேருந்துச் சாலை. கிளம்புகிற தூசியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். காலிஃபிளவரின் மேற்பரப்பு முழுக்க மேடும் பள்ளமும் இருப்பதால் படிந்த தூசியைக் கழுவி எடுப்பதும் சிரமம்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. ஈயத்தின் அளவு அப்போது நடைமுறையில் இருந்த இந்தியச் சட்ட வரம்புக்குள் இருந்தது; அதே அளவு ஐரோப்பிய வரம்பையும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பையும் வெகுவாகத் தாண்டியிருந்தது. காரணம், பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டம் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் ஈயம் வரை விட்டுவைத்திருந்தது. உணவுத் தரங்களை வகுக்கும் பன்னாட்டுக் கோடெக்ஸ் அமைப்பு கீரை வகைகளுக்கு வைத்திருப்பது 0.3 மில்லிகிராம்தான். கேட்மியத்துக்கு 0.2. ஆகவே ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்த வரம்பு, எந்த ஆண்டு வைத்தது என்று கேளுங்கள்.

செய்திகளில் வரும் எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்தியது அதுதான். ஆய்வுக்கூடத்தில் கீரையை அடுப்பில் உலர்த்திப் பொடியாக்கி, அமிலத்தில் கரைத்துத்தான் அளப்பார்கள். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் காய்ந்த பொடியில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கேட்மியம் என்று வந்தால், பச்சைக் கீரையில் அது ஏறக்குறைய 0.2 மில்லிகிராம். சட்ட வரம்புகளோ நாம் வாங்கிச் சாப்பிடும் பச்சைக் காய்கறியின் எடைக்கு வைத்தவை. காய்ந்த எடைக்கான எண்ணை எடுத்துப் பச்சை எடைக்கான வரம்போடு வைத்து ‘பத்து மடங்கு நஞ்சு’ என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாச் செய்தியும் இப்படி என்று சொல்லவில்லை. எந்த எடைக்கு அளந்தது என்பதைச் சொல்லாத எண்ணை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது சமையலறைக்கு வருவோம். ஒரு சிறுகீரைக் கட்டைப் பிரித்து வேர்ப் பக்கத்தைப் பாருங்கள். வேரிலும் அடித்தண்டிலும் இலைக் காம்பின் இடுக்கிலும் மண் அப்பியிருக்கும். போக்குவரத்து மிகுந்த சாலையோரத்து மண்ணில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருப்பது அரிதல்ல. பெட்ரோலில் ஈயம் கலப்பதை இந்தியா 2000ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. ஆனால் அதுவரை கொட்டியது மண்ணை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட மண் ஒரே ஒரு கிராம் குழம்பில் கலந்தால் அதில் 100 மைக்ரோகிராம் ஈயம். கோடெக்ஸ் வரம்பைச் சரியாகத் தொட்டு நிற்கும் கீரையை 100 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 30 மைக்ரோகிராம். அதாவது, பல்லில் நறநறக்கும் அந்தக் கொஞ்சம் மண் கீரையைவிட மூன்று மடங்கு ஈயத்தைக் கொண்டுவந்துவிடும்.

எனவே நறுக்குவதற்கு முன் கழுவுங்கள், நறுக்கிய பிறகு அல்ல. முதலில் வேரையும் அதற்கு மேலே இரண்டு விரற்கடைத் தண்டையும் வெட்டி எறிந்துவிடுங்கள். கட்டை முழுதாகப் பிரித்து, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையை மேலே எடுத்த பிறகு தண்ணீரைக் கொட்டுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் படிந்த மண் மறுபடியும் கீரை மேலேயே விழும். அடியில் மணல் தட்டுப்படாத வரைக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். முட்டைக்கோசில் வெளி இலைகளை உரித்து எறியுங்கள். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, உருளை எல்லாவற்றையும் தோல் சீவுங்கள். காலிஃபிளவரைச் சின்னப் பூக்களாகப் பிரித்த பிறகே அலசுங்கள். ‘காய்கறி கழுவும் திரவம்’ என்று விற்பதையோ, வினிகரையோ, சமையல் சோடாவையோ உலோகத்துக்காக வாங்க வேண்டியதில்லை. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் உலோகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஃபோலிக் அமிலமும் மற்றச் சத்தும் சேர்ந்து போகும். வழக்கமான கீரைக்கு அது வேண்டாம்.

கேட்மியத்தைக் கழுவித் தள்ள முடியாது, ஆனால் சாப்பிடும் அளவைப் பரப்பிவிட முடியும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010ல் வைத்த கணக்கின்படி, உடல் எடை கிலோ ஒன்றுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் கேட்மியம் வரை தாங்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 42 மைக்ரோகிராம். வரம்பிலேயே நிற்கும் கீரை 100 கிராமில் 20 வந்துவிடும். ஒரு கெட்ட வயலின் கீரையில் வரம்புக்கு ஐந்து மடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளையில் 100. அதைத் தினமும் சாப்பிட்டால் தாங்கும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வாரத்தில் ஒரு நாள்தான் அந்தக் கீரை, மற்ற நாளெல்லாம் வேறு இடத்தில் விளைந்த வேறு காய்கறி என்றால், நாள் சராசரி 14க்கு இறங்கிவிடும். இந்தத் தாங்கும் அளவை நாளுக்கு வைக்காமல் மாதத்துக்கு வைத்ததே, கேட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை தங்கும் பொருள் என்பதால்தான். ஒரு நாள் சாப்பாடு இதில் பெரிய விஷயமல்ல. ஆண்டுக்கணக்கான பழக்கம்தான் கணக்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கடுமையாக வாரத்துக்குக் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. அரிசி வழியாகவும் கேட்மியம் வருகிறது என்பதால், சோற்றை மலையாகக் குவித்துச் சாப்பிடும் நமக்கு அந்தக் கடுமையான அளவை மனதில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் அவருக்கு வேறு எந்தக் காய்கறியையும்விடப் புகையிலைதான் கேட்மியம் வரும் பெரிய வழி.

எந்தக் காய்கறி அதிகம் இழுக்கும் என்றால், இலைதான் முன்னால் நிற்கும். பாலக், தண்டுக்கீரை வகையறா, லெட்டூஸ் எல்லாம் கேட்மியத்தைத் தாராளமாக உள்ளே விடும். கிழங்கும் வேர்க்காய்களும் அடுத்து. அவரை, பீன்ஸ், புடலை, பீர்க்கை, வெண்டை, பூசணி போன்ற காய்களில் குறைவு. சாக்கடை வாய்க்காலிலேயே வேர்விட்டு நிற்கும் வள்ளைக்கீரையையும் பொன்னாங்கண்ணியையும் எங்கே பறித்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். நீரிலும் சேற்றிலும் இருப்பதை நேராக இழுப்பவை அவை. முருங்கைக்கீரை மண் தெறிக்காத உயரத்தில் இருப்பது ஒரு சௌகரியம். சாலையோர மரமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி உங்கள் பிள்ளையைப் பற்றி. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு போல ரத்தத்தில் சேர்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது பாதி வரைக்கும் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வளரும் மூளையைத்தான் அது முதலில் தொடும்: கவனம் குறையும், படிப்பில் பின்தங்கும், பார்த்தால் நோயாளி போலவே இருக்காது. 2020ல் யுனிசெஃப் வெளியிட்ட மதிப்பீட்டில், உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் சுமார் 27 கோடிக்கு மேல்.

இந்த இடத்தில்தான் கீரையை நிறுத்தாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் வருகிறது. உடலில் இரும்புச்சத்து குறைந்தால், இரும்பை உறிஞ்ச வேண்டிய குடல் தன் கதவை அகலத் திறந்துவைக்கும். அந்தக் கதவு வழியாகவே ஈயமும் கேட்மியமும் கூடுதலாக நுழையும். சுண்ணாம்புச்சத்துக் குறைந்தாலும் ஈயம் அப்படியே நுழைந்து எலும்பில் போய்ச் சேரும். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை. அதே தூசி, அதே கீரை, ஆனால் சோகை உள்ள பிள்ளை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். கீரை, பயறு, ராகி, மோர், முட்டை, கூடவே எலுமிச்சையோ நெல்லியோ என்று சத்தாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அதுவே பாதுகாப்பு. வெறும் வயிற்றில் இருக்கும்போது ஈயம் இன்னும் அதிகமாகச் சேரும், ஆகவே காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். கொத்தமல்லிச் சாறு குடித்தால் உலோகம் வெளியேறிவிடும் என்று பரவும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

பெண்களுக்கு இதில் தனிச் சுமை இருக்கிறது. ஜப்பானில் தொயாமா மாவட்டத்தின் ஜின்சு ஆற்றங்கரையில், மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த கேட்மியம் பாசன நீரில் இறங்கி நெல்லில் ஏறியது. எலும்பு மென்மையாகி, இருமினால்கூட முறிந்துவிடும் அளவுக்கு வலியில் துடித்தவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற, ஐம்பதைத் தாண்டிய விவசாயக் குடும்பத்துப் பெண்கள். பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் இரும்பையும் சுண்ணாம்பையும் இழந்த உடம்புகள் அவை. சுரங்கத்து மாசுதான் காரணம் என்று ஜப்பான் அரசு 1968ல் ஒப்புக்கொண்டது. கெட்ட மண்ணைச் சீராக்கும் வேலை 1979ல் தொடங்கி 2012ல்தான் முடிந்தது. 860 ஹெக்டேர் சொச்சத்துக்கு 33 ஆண்டுகள். நம் ஊர்ச் சந்தைக் கீரை அந்த அளவுக்குப் போகவில்லை, அந்த நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் மண்ணில் ஒருமுறை ஏறிய கேட்மியத்தை இறக்க எவ்வளவு காலமும் காசும் ஆகும் என்பதற்கு அது சாட்சி.

தமிழ்நாட்டில் உலோகம் என்றதும் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் குரோமியம்தான் நினைவுக்கு வரும். 1996ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. குரோமியம் பெரும்பாலும் பயிரின் வேரோடு நின்றுவிடும். அந்தப் பகுதியில் இருப்பவர்கள் காய்கறியைவிடக் கிணற்று நீரைச் சோதிப்பது அவசரம்.

ஆர்கானிக் பற்றிக் கேட்டீர்கள். அந்த முத்திரை பூச்சிமருந்தையும் ரசாயன உரத்தையும் பற்றியது. சாக்கடை ஓரத்தில் ரசாயனமே போடாமல் வளர்த்த கீரையிலும் கேட்மியம் இருக்கும். கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால், எந்த ஊர், என்ன தண்ணீர் என்று சொல்லக்கூடிய ஆளிடம் வாங்குங்கள். கிணற்றுப் பாசனமா, ஏரிப் பாசனமா, ஊர்ச் சாக்கடை கலக்கும் வாய்க்காலா? கீரைக்காரம்மாவிடம் இரண்டு நாள் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். மாடித்தோட்டம் போடுகிறவர்கள் தரம் பிரிக்காத குப்பையிலிருந்து வரும் மாநகர உரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் கிலோவுக்கு ஈயம் 100, கேட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சோதனைச் சான்று கேளுங்கள். பழைய பெயின்ட் உதிரும் சுவரோரத்தில் தொட்டி வைக்காதீர்கள். மண் புளித்திருந்தால் கேட்மியம் எளிதில் கரைந்து வேருக்குப் போகும், அதனால் கார அமில நிலையைச் சோதித்து, தேவைப்பட்டால் கொஞ்சம் சுண்ணாம்பும் நிறையத் தொழுவுரமும் போடுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் செய்துகொள்ளலாம். விளைவிக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது, அதுதான் எனக்கு இதில் பெரிய கவலை. நீங்கள் நாலு ஊர்க் காய்கறியைக் கலந்து சாப்பிடுகிறீர்கள். அவர் வீட்டில் தினமும் அதே வயலின் கீரை, அதே தண்ணீரில் நிற்கும் கால், அதே மண்ணில் விளையாடும் பிள்ளை. டெல்லியில் யமுனைப் படுகையில் உணவுப் பயிரே கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் உத்தரவிட்டது. விஷத் தண்ணீரை விட்டவர்களைத் தடுப்பதைவிடக் கீரை போட்டவரைத் தடுப்பது எளிது என்பதால் இப்படிப்பட்ட உத்தரவுகள் முதலில் ஏழை விவசாயி தலையில்தான் விழும். முலாம் பட்டறையும் பேட்டரி உடைக்கும் கூடமும் தங்கள் கழிவைத் தனியாகப் பிரித்துச் சுத்திகரிக்க வைத்தால் ஊர்ச் சாக்கடை நீர் விவசாயத்துக்கு நல்ல தண்ணீர், நல்ல உரமும்கூட. முடியாத காரியமல்ல. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்னும் ஈயச் சாயத்தைக் கலந்துகொண்டிருந்தார்கள். 2019ல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் அது இருந்தது. சந்தைச் சோதனையும் அபராதமும் விழிப்புணர்வும் சேர்ந்ததும் 2021ல் சுழியத்துக்கு வந்துவிட்டது.

மஞ்சள் என்றதும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டில் ஈயம் வரும் வழி கீரை மட்டும்தான் என்று இருந்துவிடாதீர்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் உதிரியாக விற்கும் பொடியை விட்டுவிட்டு, விரலி மஞ்சளை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு சுத்தமான வெள்ளீயத்தில் செய்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதில் புளி கொதிக்கவிடாதீர்கள். காரீயம் (இதுவரை ஈயம் என்று சொன்னது இதைத்தான்) கலந்திருந்தால் புளிப்பில் கரைந்து இறங்கும்.

பேட்டரி உடைக்கும் கூடம், உலோகம் உருக்கும் பட்டறை, பெயின்ட் சுரண்டும் வேலை ஆகியவை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலோ, வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போய் வந்தாலோ, பிள்ளைக்கு ரத்த ஈயப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் செய்யச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே கணக்கைக் கூட்டிக் காட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சையை 45ஐத் தொட்ட பிறகே யோசிப்பார்கள், அதுவும் மருத்துவமனையில் வைத்துத்தான். இடைப்பட்ட எண் வந்தால், அது வரும் வழியைக் கண்டுபிடித்து அடைத்து, இரும்புச்சத்தைச் சரிசெய்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி சோதித்துப் பாருங்கள்.